டிரையத்லான் சைக்கிள் ரூட்டில் கூட்டம்: எந்தப் பக்கம் ஓட்டுவது, எப்படி முந்துவது?

அடையாறு_மிதி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை அரை தூரப் போட்டி ஒன்றுதான் முடித்திருக்கிறேன் (1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம்). அடுத்தது கோவா 70.3-க்கு (இதே அரை தூரப் போட்டிதான், அயர்ன்மேன் நடத்துவது) பெயர் கொடுத்திருக்கிறேன். அதற்குள் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். நாலு பேரிடம் கேட்டால் நாலு விதமாகச் சொல்கிறார்கள், அதனால் இங்கே கேட்கிறேன்.

நான் முப்பது வயதுக்கு மேல் நீச்சல் கற்றவன், 1.9 கி.மீ. நீந்த 56 நிமிடம் ஆகிறது. சைக்கிள் அப்படியில்லை, ஆறு வருடமாக ஈசிஆரில் வாரம் மூன்று நாள் மிதிக்கிறேன், 90 கி.மீ. முழுக்க மணிக்கு 32 கி.மீ. வேகத்தில் போக முடியும். அதனால் நான் கரையேறும்போது பாதிப் பேருக்கு மேல் சைக்கிளில் கிளம்பியிருப்பார்கள், அவர்களில் நிறையப் பேர் என்னைவிட மெதுவாக ஓட்டுகிறவர்கள். ஆக என் போட்டியே முந்துவதுதான்.

போன போட்டியில் முதல் 20 கி.மீ. முழுக்கத் தலைகள்தான் தெரிந்தன. ரோட்டில் பாதி எங்களுக்கு, மறுபாதியில் எதிரே வருகிறவர்கள், நடுவில் கூம்புகள். இடது ஓரத்தில் ஒருவர் 24இல் போகிறார், அவரை முந்துகிறேன் என்று இன்னொருவர் 25இல் போகிறார், இரண்டு பேரும் ஒரு கிலோமீட்டருக்கு ஜோடியாகவே போனார்கள். வலப்பக்கம் கூம்பு வரைக்கும் இடமே இல்லை. இடது ஓரத்தில் மண்ணுக்கும் அவருக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. சென்னையில் தினமும் செய்கிறோமே என்று அதில் புகுந்துவிட்டேன். அவர் மிரண்டு வலப்பக்கம் ஒடித்தார், பக்கத்தில் இருந்தவர் மேல் இடித்தார், இரண்டு ஹேண்டில்பாரும் உரசிக்கொண்ட சத்தம் கேட்டது. யாரும் விழவில்லை. ஆனால் விழுந்திருக்கலாம், நான்தான் காரணமாகியிருப்பேன். அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

அப்புறம் 60ஆவது கி.மீ. பக்கத்தில் நீல அட்டை, டிராஃப்டிங்காம், அதாவது முன்னால் போகிறவரின் காற்று மறைவில் ஒட்டிக்கொண்டு போவதாம். நான் யார் சக்கரத்திலும் ஒட்டிக்கொண்டு வரவில்லை. முன்னால் ஐந்து பேர் வரிசையாகப் போனார்கள், முந்தலாம் என்று வலப்பக்கம் வந்தேன், மூன்றாவது ஆளைத் தாண்டும்போது மூச்சு வாங்கியது, கொஞ்சம் தளர்த்திப் பின்னால் வந்தேன். அவ்வளவுதான். பைக்கில் வந்த நடுவர் என் எண்ணைச் சொல்லி அட்டையைக் காட்டிவிட்டார். தண்டனைக் கூடாரத்தில் 5 நிமிடம் நின்றேன். கஷ்டப்பட்டு முந்திய அத்தனை பேரும் என் கண் முன்னால் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள்.

இரண்டு பேர் இணையாகப் போனால் என்ன செய்வது? வரிசையாகப் போகிறவர்களை எப்படி முந்துவது? குரல் கொடுக்க வேண்டுமா, என்னவென்று? அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

கோவை_ஏற்றம் எழுதியது:

தம்பி, நடந்ததை மறைக்காமல் எழுதியதற்கு முதலில் நன்றிங்க. நான் போட்டிகளில் ஓடியும் இருக்கிறேன், மூன்று போட்டிகளில் நடுவரைப் பின்னால் உட்கார வைத்து பைக் ஓட்டியும் இருக்கிறேன். பைக்கிலிருந்து பார்த்தால் சைக்கிள் மேல் இருக்கும்போது தெரியாத நிறைய விஷயம் தெரியும்.

இடதுபக்கம் புகுந்ததைப் பற்றி நீண்ட பேச்சே வேண்டாம். நம் நாட்டில் ஓட்டுவது இடது ஓரம், முந்துவது வலப்பக்கம் மட்டும்தான். இடது ஓரத்தில் போகிறவர் அங்கே போவதே, அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான். தண்ணீர் குடிக்க, குழியைத் தவிர்க்க, மண் இருந்தால் விலக என்று அவருக்கு அந்தப் பக்கம்தான் ஒதுங்க இடம். அதில் போய் நீங்கள் நின்றால் அவருக்குப் போக்கிடமே கிடையாது. ரோட்டில் ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே புகுந்து பழகிய கை, போட்டியிலும் தானாக அங்கே போகும். அந்தப் பழக்கத்தைப் பயிற்சியிலேயே விட்டொழிக்க வேண்டும், போட்டியன்று நினைத்தால் நடக்காது.

இப்போது 12 மீட்டர் கணக்கு. அயர்ன்மேன் விதியில் டிராஃப்ட் எல்லை என்பது முன்னால் போகிறவரின் முன் சக்கர நுனியிலிருந்து உங்கள் முன் சக்கர நுனி வரைக்கும் 12 மீட்டர். சென்னையில் இப்போது ஓடுகிற தாழ்தள பஸ் ஒன்றின் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய சைக்கிள் நீளம் இதில் அடக்கம், அதனால் அவர் பின் சக்கரத்துக்கும் உங்கள் முன் சக்கரத்துக்கும் நடுவே காலி ரோடு 10 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். அந்த எல்லைக்குள் நுழைந்தால் 25 விநாடிக்குள் முந்தி முடித்திருக்க வேண்டும். உங்கள் முன் சக்கரம் அவர் முன் சக்கரத்தைத் தாண்டினால்தான் முந்தியதாகக் கணக்கு.

அட்டை வாங்கிய இடம் இதுதான்: எல்லைக்குள் போன பிறகு பின்வாங்கக் கூடாது. முடியவில்லை, மூச்சு வாங்கியது என்பதெல்லாம் நடுவருக்குத் தெரியாது. பைக்கிலிருந்து பார்த்தால் ஒருவர் இன்னொருவர் பின்னால் 6 மீட்டரில் இருக்கிறார், 25 விநாடி ஆகியும் முன்னேறவில்லை, அப்புறம் பின்னால் வருகிறார். அது டிராஃப்டிங்கேதான், வேறு எப்படியும் எழுத முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 மீட்டரை 25 விநாடியில் கடக்க, அவரைவிட விநாடிக்கு அரை மீட்டர் போல நீங்கள் அதிகம் போக வேண்டும், அதாவது மணிக்கு 1.7 கி.மீ. அவர் 30இல் போனால் நீங்கள் 32இல் போனால் போதும். உங்களுக்கு இயல்பான வேகமே 32 என்றால் மெனக்கெட வேண்டியதே இல்லை. ஆனால் அவர் 31இல் போகிறார் என்றால் உங்கள் இயல்பு வேகத்தில் 25 விநாடி பத்தாது, 33க்கு ஏற்ற வேண்டும். சமவெளியில் காற்றை எதிர்த்து 32இலிருந்து 33க்கு ஏறினால் கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடுதல் வாட்ஸ், அதாவது மிதிக்கிற சக்தி. 190 வாட்ஸில் போகிறவர் அரை நிமிடத்துக்கு 210 தள்ள வேண்டும். ஒருவருக்கு என்றால் சரி. ஐந்து பேர் வரிசையாக, நடுவே ஒருவர் நுழையும் இடமும் இல்லாமல் போகிறார்கள் என்றால், உள்ளே போய்விட்டால் ஐந்து பேரையும் தாண்டும் வரைக்கும் அந்த 210இல் இருக்க வேண்டும். அதனால் நுழைவதற்கு முன்னாலேயே, 12 மீட்டருக்கு வெளியே இருந்துகொண்டு, எத்தனை பேர், எவ்வளவு வேகம், நடுவே இடம் இருக்கிறதா, முன்னால் திருப்பம் வருகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். போகிறோம் என்றால் போய்விட வேண்டும். இல்லையென்றால் வெளியிலேயே இருங்கள்.

முந்தியதும் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. பின்னால் இருப்பவர் மேல் ஒடிக்காமல், கொஞ்ச தூரம் போய், நிதானமாக இடது ஓரத்துக்கு வந்தால்தான் முடிந்தது. வலப்பக்கமே தங்கிவிடுகிறவர்கள்தான் நான் பைக்கிலிருந்து அதிகம் பார்த்த தப்பு. அவர் தப்பாக எதுவும் செய்வதாக நினைப்பதே இல்லை, அடுத்தவரையும் முந்தப் போகிறேனே என்று நினைக்கிறார், ஆனால் அடுத்தவர் 200 மீட்டர் முன்னால் இருக்கிறார். அந்த 200 மீட்டருக்கு அவர் பின்னால் வருகிற எல்லோருக்கும் ரோடு அடைத்துக்கொள்கிறது. இதற்கும் அட்டை உண்டு, தடுத்ததற்கு.

ஜோடியாகப் போகிறவர்களை என்ன செய்வது என்று கேட்டீர்கள். 12 மீட்டருக்கு வெளியே நின்று, தெளிவாக ஒரு குரல் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். வலப்பக்கம் இருப்பவர் ஒன்று முந்துவார், அல்லது பின்வாங்குவார். கூம்பைத் தாண்டி எதிர்ப்பக்கம் மட்டும் போய்விடாதீர்கள், எதிரே 40இல் ஒருவர் ஏரோ பாரில் (முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்ட ஹேண்டிலில் மாட்டும் கம்பி) தலையைக் குனிந்துகொண்டு வருவார்.

மதுரைக்காரி_42 எழுதியது:

நான் முந்துகிறவள் இல்லை, முந்தப்படுகிறவள். எனக்கு 90 கி.மீ.க்கு மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும். நீச்சலில் ஓரளவு சீக்கிரம் வந்துவிடுவேன், அதனால் சைக்கிளில் காலை முழுக்க என் வலப்பக்கம் ஆட்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். அந்தப் பக்கத்திலிருந்து சில விஷயம் சொல்கிறேன், அண்ணன் சொன்னதில் இது வரவில்லை.

குரல் கொடுப்பது பற்றி. நிறையப் பேர் "ரைட்!" என்று கத்துகிறார்கள். வலப்பக்கம் வருகிறேன் என்று அர்த்தம். ஆனால் நம் ஊரில் பஸ்ஸில் கண்டக்டர் "ரைட்" என்றால் போகலாம் என்று அர்த்தம், பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த வார்த்தை அது. போதாததற்கு, பின்னாலிருந்து யாராவது "ரைட்" என்று கத்தினால் புதிதாக ஓட்டுகிறவர் என்ன செய்கிறார் தெரியுமா, வலப்பக்கம் போகச் சொல்கிறார்கள் என்று வலப்பக்கம் திருப்பிவிடுகிறார், நேராக முந்துகிறவர் முன்னால். ஒருமுறை என் கண் முன்னால் நடந்தது. ஒரு சின்னப் பையன், முதல் போட்டி போலிருக்கிறது, "ரைட்" என்று கேட்டதும் ஒழுங்காக ஓரமாகப் போய்க்கொண்டிருந்தவன் நடு ரோட்டுக்கு வந்தான். பின்னால் வந்தவர் இரண்டு பிரேக்கையும் பிடித்து, பின் சக்கரம் வழுக்கி, ஒரு காலைத் தரையில் ஊன்றி எப்படியோ நின்றார். பையனுக்கு என்ன தப்பு செய்தோம் என்றே புரியவில்லை, மாறி மாறி இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான்.

நான் கேட்க விரும்புவது "வலப்பக்கம் வர்றேன்" என்பதுதான். "வர்றேன்" என்று காதில் விழுந்தால் நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, வருகிறவர் அவர், நான் இருந்த இடத்தில் இருந்தால் போதும் என்று புரிந்துவிடும். தமிழ் தெரியாதவர்கள் கலந்த போட்டியில் "பாசிங்" என்பது எல்லோருக்கும் புரியும். பத்து மீட்டர் முன்னாலேயே சொல்லுங்கள், காதுக்குப் பக்கத்தில் வந்து கத்தாதீர்கள், அந்தத் திடுக்கிடலிலேயே ஹேண்டில் ஆடும். சொல்லாமல் போவதைவிட அது மோசம்.

என்னிடமிருந்து ஒரு முழங்கை தூரத்தில் உரசிக்கொண்டு போகாதீர்கள். டிஸ்க் சக்கரம் (கம்பிகள் இல்லாமல் தட்டு போல மூடிய சக்கரம்) போட்டவர் பக்கத்தில் வரும்போது 'வும்' என்று சத்தம் வரும், அதோடு காற்று மறைப்பு ஒரு கணம் மாறும், லேசான ஆட்களுக்கு அதிலேயே சைக்கிள் ஓர் அடி ஆடிவிடும். ஒரு மீட்டராவது விட்டுப் போங்கள்.

எங்கள் பக்கக் கடமையும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். திரும்பிப் பார்க்காமல் நேர்கோட்டில் போவதுதான் நாங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி. வலது தோள் மேல் திரும்பிப் பார்த்தால் கை தானாக வலப்பக்கம் இழுக்கும், யாருக்கும் இது நடக்கும். பார்த்தே ஆக வேண்டுமென்றால் ஏரோ பாரிலிருந்து கையை எடுத்துக் கீழே பிடித்துக்கொண்டு, அக்குள் வழியாகக் குனிந்து ஒரு பார்வை பார்த்தால் சைக்கிள் ஆடாது. இதை நான் மாட்டுத்தாவணி ரிங் ரோட்டில் விடியற்காலையில் வெள்ளைக் கோட்டின் மேல் ஓட்டிப் பழகினேன். கோட்டை விட்டு விலகாமல் பின்னால் பார்க்க வர ஒரு மாதம் ஆனது.

இன்னொன்று, மனசில் இருப்பதை எழுதிவிடுகிறேன். நான் எப்போதாவது ஓர் ஆணை முந்தினால், பத்தில் ஏழு தடவை அவர் உடனே எழுந்து நின்று மிதித்து என்னைத் திரும்ப முந்துவார். முந்திவிட்டு, பழைய வேகத்துக்கே வந்துவிடுவார். இப்போது நான் அவர் எல்லைக்குள் இருக்கிறேன், பின்வாங்க வேண்டியவள் நான். திரும்ப முந்தினால் திரும்ப அதே கதை. ஒரு போட்டியில் ஒரே ஆளோடு 11 முறை. விதிப்படி, முந்தப்பட்டவர் முதலில் 12 மீட்டர் பின்னால் வர வேண்டும், அதற்கப்புறம்தான் திரும்ப முந்தலாம். அந்த ஒன்றைச் செய்தாலே அவருக்கு நெஞ்சு கொதிப்பு அடங்கிவிடும், எனக்கும் என் வழி கிடைக்கும்.

அடையாறு_மிதி எழுதியது:

அக்கா, அந்த "ரைட்" விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. நானும் அதைத்தான் கத்திக்கொண்டு போனேன். இடதுபக்கம் புகுந்தபோதுகூட "லெஃப்ட்" என்று கத்தினேன், அதனால்தான் அவர் எதிர்ப்பக்கம் ஒடித்தாரோ என்று இப்போது நினைக்கிறேன். அந்தத் திரும்ப முந்துகிற தப்பையும் நான் செய்திருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

வேகம்_மட்டும் எழுதியது:

நீங்கள் எல்லோரும் விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டுப் பேசுகிறீர்கள். நிஜத்தில் ஆயிரம் பேரைக் குறுகலான ரோட்டில் விட்டுவிட்டு 12 மீட்டர் என்றால் யாராலும் முடியாது. நான் 12 மீட்டர் விட்டால் அந்த இடைவெளியில் ஒருவர் வந்து நுழைகிறார், நான் பின்வாங்குகிறேன், இன்னொருவர் நுழைகிறார். விதியை மதிக்கிறவன் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறான், ஒட்டிக்கொண்டு போகிறவன் கால் தேயாமல் ஓட்டத்துக்கு இறங்குகிறான். ஒலிம்பிக்கில் டிராஃப்டிங் அனுமதிக்கிறார்கள், எலீட் போட்டிகளில் 1995இலேயே அனுமதித்துவிட்டார்கள். அப்படியே எல்லோருக்கும் அனுமதித்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லையே. வாராவாரம் குரூப் ரைடில் எல்லோரும் சக்கரம் பிடித்துத்தானே ஓட்டுகிறோம், அங்கே யாரும் விழுவதில்லையே.

கோவை_ஏற்றம் எழுதியது:

நண்பரே, உங்கள் எரிச்சல் நியாயமானது, நானும் அனுபவித்திருக்கிறேன். ஆனால் முடியாது என்பது சரியில்லைங்க. ஆயிரம் பேரை 12 மீட்டர் இடைவெளியில் ஒரே வரிசையாக நிறுத்தினால் 12 கி.மீ. நீளம்தான். 15 கி.மீ. போய் 15 கி.மீ. வருகிற ஒரு சுற்று என்றால் 30 கி.மீ. ரோடு இருக்கிறது. இடம் தாராளமாகவே இருக்கிறது. ஒரே இடத்தில் குவிந்துவிடுவதுதான் பிரச்சினை, அது பாதி நீச்சலிலேயே ஆரம்பிக்கிறது. ரோலிங் ஸ்டார்ட்டில், அதாவது எல்லோரையும் ஒரே நேரத்தில் விடாமல் சிலர் சிலராக நீச்சலுக்கு விடும்போது, அவரவர் நீச்சல் நேரத்துக்கு ஏற்ற வரிசையில் நிற்கச் சொல்கிறார்கள். 55 நிமிடக்காரர் நண்பர்களோடு நிற்க வேண்டும் என்று 40 நிமிடப் பலகைக்குக் கீழே போய் நிற்கிறார். அவரும் அவசரப்படுகிறார், பின்னால் வருகிறவர்களும் அவர் மேல் ஏறி நீந்துகிறார்கள், கடைசியில் ஒரே கும்பலாக சைக்கிளுக்கு வருகிறார்கள். தன் நேரத்தை உண்மையாகச் சொல்லி நின்றாலே முதல் 20 கி.மீ. பாதி காலியாகும்.

ஒலிம்பிக் விஷயம். 2000ஆம் ஆண்டு சிட்னியில் டிரையத்லான் முதன்முதலாக ஒலிம்பிக்குக்கு வந்தபோதே டிராஃப்டிங் அனுமதியோடுதான் வந்தது, உண்மை. ஆனால் அங்கே ஓட்டுகிறவர்கள் ஐம்பது அறுபது பேர், எல்லோரும் சிறு வயதிலிருந்து கும்பலில் ஓட்டிப் பழகியவர்கள், டிராப் ஹேண்டில் சாதா ரோடு சைக்கிள்தான், பிரேக் எப்போதும் கைக்கடியில். நாம் ஏரோ பாரில் முழங்கையை வைத்துக்கொண்டு படுத்துக்கொண்டு போகிறோம், பிரேக்கைத் தொடவே ஒரு விநாடி வேண்டும். 36 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடி என்றால் 10 மீட்டர். 12 மீட்டர் இடைவெளி நியாயத்துக்கு மட்டுமல்ல, உங்கள் கை பிரேக்குக்குப் போய்ச் சேருகிற தூரமும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை குரூப் ரைடில் யாரும் ஏரோ பாரில் படுத்துக்கொண்டு அடுத்தவர் சக்கரத்தில் ஓட்டுவதில்லை, ஓட்டவும் கூடாது.

நடுவே யாராவது நுழைந்தால் பின்வாங்க வேண்டியதுதான், அதற்கு இரண்டு மூன்று விநாடி மிதிக்காமல் இருந்தால் போதும். அதில் போவது நாலைந்து மீட்டர். 90 கி.மீ.யில் இருபது முறை நடந்தாலும் அரை நிமிடத்துக்குள் அடங்கும். அட்டை வாங்கினால் 5 நிமிடம். அட்டையைக் காட்டிய பிறகு அடுத்த கூடாரத்தில் நிற்க வேண்டியதும் உங்கள் பொறுப்புதான், நிற்காமல் போனால் போட்டியே போச்சு.

தொழில்முறை வீரர்களுக்கு இப்போது ரேஸ்ரேஞ்சர் என்று ஒரு கருவி மாட்டுகிறார்கள், நியூசிலாந்தில் உருவானது, 2023இலிருந்து போட்டிகளில் இருக்கிறது. முன்னால் போகிறவர் சைக்கிளின் பின்னால் இருக்கும் விளக்கு நிறம் மாறி, பின்னால் வருகிறவருக்குத் தூரத்தைக் காட்டும். டி100 என்கிற தொழில்முறைத் தொடரின் போட்டிகளில் 12 இல்லை, 20 மீட்டர். அவ்வளவு தேர்ந்தவர்களுக்கே விளக்கு வைத்துக் காட்ட வேண்டியிருக்கிறது, நமக்குக் கண்ணளவு தப்புவதில் ஆச்சரியம் இல்லை, பழக வேண்டும்.

திருச்சி_டொராண்டோ எழுதியது:

ஒரு சின்னக் குறிப்பு, வெளிநாட்டுப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு. இங்கே கனடாவில் எல்லாம் தலைகீழ். ஓட்டுவது வலது ஓரம், முந்துவது இடப்பக்கம், "ஆன் யுவர் லெஃப்ட்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு மூளைக்குத் தெரிந்தது, உடம்புக்குத் தெரிய இரண்டு வருடம் ஆனது. மோன் ட்ராம்ப்லான் 70.3-இல் ரூட் 117 நெடுஞ்சாலையில் போகும்போது அகலமான ரோடு, வழியெல்லாம் ஏற்ற இறக்கம். இறக்கத்தில் 60ஐத் தாண்டும்போது பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார், நான் பழைய பழக்கத்தில் இடப்பக்கம் ஒதுங்கினேன், அதாவது நேராக அவர் வழிக்குள். அவர் சமாளித்துக்கொண்டு போய்விட்டார். நான் அடுத்த ஏற்றம் வரைக்கும் கை நடுங்க ஓட்டினேன்.

அதற்கப்புறம் குரல் கேட்டால் எந்தப் பக்கமும் ஒதுங்குவதே இல்லை என்று வைத்துக்கொண்டேன். குரல் கேட்டால் நேராகப் போ, அவ்வளவுதான். மதுரை அக்கா சொன்னது எந்த நாட்டுக்கும் பொருந்தும். இந்தியாவிலிருந்து ஐரோப்பா, அமெரிக்கா பக்கம் போட்டிக்கு வருகிறவர்கள் இரண்டு நாள் முன்னாலேயே வந்து, ரூட்டில் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். கோவா, கொழும்பு, லங்காவி எல்லாம் நம்மைப்போல இடது ஓரம்தான், அங்கே இந்தக் கவலை இல்லை.

வெள்ளவத்தை_றைடர் எழுதியது:

கொழும்பைச் சொன்னபடியால் எழுதுகிறேன். 2018இல் இங்கே முதல் 70.3 நடந்தபோது நானும் ஓடினேன், காலி முகத்திடல்தான் மையம். நகரத்துக்குள் சுற்றுகிற றூட் என்றால் திருப்பங்கள்தான் பெரிய விசயம், யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

யூ-டர்ன் திருப்பத்துக்கு 100 மீட்டர் முன்னால் வந்தால் முந்துகிற எண்ணத்தை விட்டுவிடுங்கோ தம்பி. எல்லாரும் பிறேக் பிடிப்பார்கள், இடைவெளி தானாகக் குறையும், இறுக்கமான திருப்பத்தில் அதற்குக் கார்ட் இல்லை, விதியே விட்டுக்கொடுக்கிறது. தண்ணீர் குடுக்கிற இடத்துக்கு முன்னும் பின்னும் 100 மீட்டருக்கும் அப்படித்தான். ஆனால் கூம்பை ஒட்டி உள்பக்கத்தால் வெட்டிப் போகிறவர் இருக்கிறார் பாருங்கோ, அவர்தான் ஆட்களை விழுத்துகிறவர். வெளியால் அகலமாகத் திரும்புகிறவர் கூம்புக்குக் கிட்ட வந்து சேரும்போது, உள்ளுக்கை இன்னொரு ஆள் நிற்கிறார். முன்னுக்கு யார் போகிறாரோ அவருக்குப் பின்னாலேயே, அவர் போன கோட்டிலேயே திரும்புங்கோ. திரும்பி நிமிர்ந்த பிறகு, மற்றவர்கள் எழும்பி மிதிக்கத் தொடங்க முதல் நீங்கள் மிதித்தால் ஆறேழு பேரைச் சுகமாகத் தாண்டலாம். கியரைத் திருப்பத்துக்கு முதலே இறக்கி வைக்க வேணும், இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே நின்றுவிடுவீர்கள்.

தண்ணீர் இடத்தில் போத்தல் எடுக்கிறவருக்கு இடது ஓரம், எடுக்காதவர் முதலே வலப்பக்கம் வந்துவிட வேணும். கடைசி நேரம் மனம் மாறி உள்ளுக்கு வெட்டக் கூடாது. தவறவிட்டால் விட்டதுதான், அடுத்ததில் எடுக்கலாம்.

மதுரைக்காரி_42 எழுதியது:

பாட்டில் என்றதும் ஞாபகம் வந்தது. நம் ரோட்டில் வேகத்தடை வந்தால் சீட்டுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் பாட்டில் துள்ளி விழும். முதல் சுற்றிலேயே வேகத்தடைக்கு அடுத்த பத்து மீட்டர் பாட்டிலாகக் கிடக்கும். யாரையாவது முந்திக்கொண்டே வேகத்தடையைத் தாண்டாதீர்கள், அந்தப் பக்கம் என்ன கிடக்கிறது என்று தெரியாது, விலகவும் இடம் இருக்காது. கீழே எதையாவது பார்த்தால் பின்னால் வருகிறவருக்குச் சத்தமாக "பாட்டில்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் பாட்டில் கூட்டை ரப்பர் பேண்டு போட்டாவது இறுக்கிவிடுங்கள்.

அடையாறு_மிதி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று பத்து நாள் காத்திருந்தேன்.

நண்பர்கள் மூன்று பேரோடு ஈசிஆரில் காலை ஐந்து மணிக்குப் போய், போக்குவரத்து இல்லாத ஒரு பக்கச் சாலையில் முதலில் டேப் வைத்து 12 மீட்டர் அளந்து சாக்பீஸால் இரண்டு கோடு போட்டோம். ஒரு கோட்டில் ஒருவர் முன் சக்கரம், இன்னொன்றில் என் முன் சக்கரம். நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, நான் இத்தனை நாள் 12 மீட்டர் என்று நினைத்தது ஏழுகூட இருக்காது. நடுவே அவ்வளவு ரோடு காலியாக இருந்தது. 30 வேகத்தில் முன்னால் போகிறவர் முன் சக்கரம் ஒரு கோட்டைத் தாண்டியதிலிருந்து என் சக்கரம் தாண்ட ஒன்றரை விநாடி வருகிறது, அதை எண்ணிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் ஒருவர் 30இல் போக, மற்றவர்கள் மாறி மாறி முந்தினோம். "வலப்பக்கம் வர்றேன்" என்று சொன்னால் முன்னால் போகிறவர் சைக்கிள் ஆடவே இல்லை. "ரைட்" என்று வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தோம், பழக்கமான நண்பர்தான், இருந்தும் இரண்டு தடவை ஹேண்டில் வலப்பக்கம் லேசாகப் போனது. 25 விநாடி நினைத்ததைவிட நிறைய நேரம். தளர்த்தாமல் மிதித்தால் எனக்கு 18, 19 விநாடியிலேயே முடிந்துவிடுகிறது. மூன்று பேர் 7 மீட்டர் இடைவெளியில் வரிசையாகப் போனால் மட்டும் கால் எரிகிறது. வெளியிலேயே நின்று காத்திருக்கப் பழகுவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருக்கிறது, கால் தானாக இறங்குகிறது.

இடதுபக்கம் புகுந்து நான் மிரள வைத்த அந்த அண்ணனின் போட்டி எண் ஞாபகம் இருந்தது, நண்பர் ஒருவர் மூலமாக அவரைக் கண்டுபிடித்துப் பேசினேன். அவரும் கோவாவுக்கு வருகிறாராம். வரும் ஞாயிற்றுக்கிழமை எங்களோடு பயிற்சிக்கு வரச் சொல்லியிருக்கிறேன், வருகிறேன் என்றார். சென்னையில் இருக்கிற வேறு யாராவது வருவதானால் சொல்லுங்கள், காலை 4.45க்கு திருவான்மியூரிலிருந்து கிளம்புகிறோம், சாக்பீஸும் டேப்பும் நான் கொண்டுவருகிறேன். முன் விளக்கும் பின் விளக்கும் கட்டாயம்.